வெயில் விழும் மூலை

டெல்லி முனிர்காவின் அந்தக் கலிக்குள் வெயில் விழுகிற இடம் ஒன்றே ஒன்றுதான். அந்த இடத்தில்தான் எல்லோரும் குப்பை கொட்டினார்கள்.

கலி என்றால் சந்து. எதிரெதிரே இரண்டு பேர் வந்தால் ஒருவர் தோளைச் சாய்த்து வழிவிட வேண்டும். இரு பக்கமும் ஐந்து மாடிக் கட்டடங்கள். மேலே போகப்போக ஒவ்வொரு மாடியும் கொஞ்சம் கொஞ்சம் வெளியே நீண்டு, கடைசி மாடியில் எதிர்வீட்டுக்காரருக்குக் கைகொடுத்துவிடலாம். மிச்சமிருந்த வானத்தைக் கம்பிகள் எடுத்துக்கொண்டன. பகலிலும் விளக்குப் போட்டுத்தான் அரிசி களைய வேண்டும். கலி போய்ப் பெரிய தெருவோடு சேரும் முனையில் மட்டும் ஒரு பழைய வீடு இடிந்து விழுந்து, அண்ணன் தம்பி வழக்கில் அப்படியே கிடந்தது. முக்கோணமாக ஒரு வெற்றிடம். அங்கே வானம் இருந்தது. குளிர்காலத்தில்கூடக் காலையிலிருந்து மத்தியானம் வரை வெயில் இருந்தது.

குப்பை வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு பெரிய சாலையோடு போய்விடும். கலிக்குள் அது நுழையாது. அதனால் எல்லார் வீட்டுக் குப்பையும் மூலைக்கு வந்தது. எப்போதாவது ஒரு நாள் லாரி வந்து அள்ளிக்கொண்டு போகும். அதற்குள் குளிர்காலம் வந்துவிட்டால் யாராவது தீ வைத்துவிடுவார்கள். வைத்தது யார் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் குளிர்காய எல்லோரும் நிற்பார்கள்.

பூங்கோதையின் வீடு இரண்டாவது மாடி. அவள் சன்னல் மூலைக்கு நேர் மேலே.

அவள் நாமக்கல்லில் வேதியியல் படித்தவள். பால் கவர் எரிந்தால் என்ன வாசனை, செருப்பு எரிந்தால் என்ன வாசனை, வயர் எரிந்தால் காற்றில் என்ன கலக்கிறது என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். அதை யாரிடமும் சொல்லத்தான் தெரியாது. தமிழிலேயே ஒரு வாக்கியத்தை மூன்று தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டு, கடைசியில் சொல்லாமல் விட்டுவிடுகிற ரகம் அவள். இந்தி இன்னும் மோசம். காய்கறி வண்டிக்காரரிடம் விரலால் காட்டி வாங்குவாள். கல்யாணமாகி இந்தக் கலிக்கு வந்து ஏழெட்டு வருஷம் ஆகியும், கலிக்கே தீதியாக, அக்காவாக இருந்த வீட்டுக்காரி சந்தோஷ் தீதியிடம் அவள் பேசியதெல்லாம் சரிசரி என்கிற ‘அச்சா’வும் ‘டீக் ஹை’யும்தான்.

அவளுக்காகப் பேசியது மகள் மேதா. புருஷன் ஸ்ரீதர் வைத்த பெயர் அது. இந்திக்காரர்களுக்கும் வாயில் வரவேண்டும் என்று தேடித்தேடி வைத்தான். அவள் இங்கேயே பிறந்து, தமிழுக்கு முன்னால் இந்தியில் சண்டை போடக் கற்றுக்கொண்டவள். சந்தோஷ் தீதியின் கடைசிப் பெண் காவ்யாவும் அவளும் மாடிப்படியிலேயே வளர்ந்தார்கள். தண்ணீர் எப்போது வரும், மோட்டார் ஏன் ஓடவில்லை என்பதையெல்லாம் நாலு வயதில் மேதாதான் கீழே போய்க் கேட்டுவிட்டு வந்து அம்மாவுக்குச் சொல்வாள்.

அவளுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது மூன்றாவது குளிர்காலத்தில். நாலாவது குளிர்காலத்தில் நெஞ்சுக்கூடு உள்வாங்கி உள்வாங்கி வந்தது. மூலை எரிந்த காலைகளில் அதிகம். டாக்டர் ஆவி பிடிக்கிற மெஷினை எழுதிக்கொடுத்துவிட்டு, முடிந்தால் குழந்தையைப் புகை இல்லாத ஊரில் வைத்திருங்கள் என்றார். ஸ்ரீதரின் அக்காள் உஷாராணி கரூரில் இருந்தாள். பிள்ளை இல்லை. கேட்டதும், ரயில் டிக்கெட் கிடைக்காவிட்டால் நானே பஸ் பிடித்து வருகிறேன் என்றாள். விடியாத ஒரு தை மாதக் காலையில், கம்பளியில் சுருட்டி மேதாவைத் தோளில் போட்டுக்கொண்டு ஸ்ரீதர் படியிறங்கினான். கலி முழுக்கப் புகை. காவ்யாவிடம்கூடச் சொல்லிக்கொள்ளவில்லை.

திரும்பி வந்தவன், அழுகிற பூங்கோதையைச் சமாதானப்படுத்த ஒரு வார்த்தை சொன்னான்.

“இந்த மூலை எரியறது நிக்கட்டும் கோதை. அடுத்த ரயில்ல கூட்டியாந்துடலாம்.”

அவன் அதைச் சொல்லிவிட்டு மறந்தான். அவனுக்குப் பொதுத்துறை அலுவலகத்தில் ஆயிரம் வேலை. பூங்கோதை மறக்கவில்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள். சன்னலைத் திறந்தால் கீழே மூலை. மேதா வருவதும் வராததும் அந்த முக்கோணத்தில் இருந்தது.

ஒரு வருஷம் ஓடியது. மேதா கரூரில் யூகேஜி சேர்ந்தாள். வீடியோவில் முதலில் தினமும் அழுதாள், அப்புறம் வாரத்துக்கு ஒரு நாள் அழுதாள். அப்புறம் அழவில்லை. இந்தி வார்த்தைகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. ‘அத்தை’ ஒரு நாள் ‘உஷாம்மா’ ஆனது. உஷாராணி ஒன்றும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டாள் என்று பூங்கோதைக்குத் தெரியும். குழந்தைகள் வாய்க்கு வந்ததைச் சொல்லும். இருந்தாலும் அன்றைக்கு அவள் போனை வைத்துவிட்டு, துவைத்த துணியையே மறுபடி எடுத்துத் துவைத்தாள்.

மார்கழி பிறப்பதற்கு முந்தின நாள் லாரி வந்து, என்றும் இல்லாதபடி மூலையை அடிவரை அள்ளிக்கொண்டு போனது. மறுநாள் விடிகிற நேரம் பூங்கோதை சன்னலைத் திறந்தாள். கீழே வெறும் மண். கல்யாணமாகி வந்ததிலிருந்து அந்த மண்ணை அவள் பார்த்ததே இல்லை. யாராவது முதல் பையை எறிவதற்குள் ஏதாவது செய்ய வேண்டும் என்று மட்டும் தோன்றியது. யோசித்தால் போகமாட்டோம் என்று தெரிந்ததால் யோசிக்காமல் இறங்கினாள்.

விளக்குமாற்றால் பெருக்கினாள். வாளித் தண்ணீரைத் தெளித்தாள். அரிசி மாவில், அவளுக்கு ஒழுங்காகப் போடத் தெரிந்த ஒரே ஒரு சிக்குக் கோலத்தைப் போட்டாள். சுற்றிலும் காவி இழுக்கவேண்டும். காவி இல்லை. குங்குமத்தைக் கரைத்து இழுத்தாள். மார்கழி என்றால் நடுவில் சாணிப் பிள்ளையார் வைத்துப் பூசணிப்பூ செருக வேண்டும். முனிர்காவில் எருமைக்குப் பஞ்சமில்லை, சாணி கிடைத்தது. பூசணிப்பூவுக்கு எங்கே போவது? சாமிப் படத்திலிருந்து ஒரு சாமந்தியை எடுத்து வந்து செருகினாள். ஒரு அகல்விளக்கையும் வைத்தாள். எட்ட நின்று பார்த்தால் நன்றாகத்தான் இருந்தது.

மேலே வந்து சன்னலோரம் நின்றுகொண்டாள்.

முதலில் வந்தவன் பால்காரன். மூலைக்கு வந்ததும் சைக்கிளை விட்டு இறங்கி, எதிர்ச் சுவரை உரசிக்கொண்டு தள்ளிப்போனான். அப்புறம் ஒரு பெண் கையில் குப்பைப் பையோடு வந்தாள். நின்றாள். பார்த்தாள். பையோடேயே திரும்பிப் போனாள். பூங்கோதை சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். அழகாக இருக்கிற இடத்தில் யாருக்கும் குப்பை போட மனசு வராது என்று எங்கேயோ படித்திருந்தாள். அது நிஜமாகவே நடக்கும் என்று அவள் நம்பியதில்லை.

அன்று ஒரு பைகூட விழவில்லை. மறுநாளும் இல்லை. தினமும் விடியலில் இறங்கினாள், பெருக்கினாள், கோலம் போட்டாள். பைகள் எல்லாம் எங்கே போயின என்று அவளுக்குத் தெரியாது. மூலை எரியவில்லை. ஸ்ரீதரைச் சன்னலுக்குக் கூட்டிவந்து காட்டினாள். “அட” என்றான் அவன். மேதாவுக்கு வீடியோவில் காட்டினாள். “கீழ பாரு சாமி, நம்ம மூலை” என்றாள். மேதா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “உஷாம்மா இதவிடப் பெருசாப் போடும்” என்றாள்.

ஒரே ஒரு விஷயம்தான் அவளுக்குப் புரியவில்லை. மாடிப்படியில் எதிரே வருகிற பெண்கள் குழந்தைகளைச் சட்டென்று முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார்கள். குளிருக்கு என்று நினைத்தாள்.

ஜெயலட்சுமிதான் விஷயத்தை உடைத்தாள். அவள் மதுரைக்காரி. கலியின் நடுவில் மெஸ் நடத்தினாள். பல்கலைக்கழகத்துப் பையன்களுக்கு இட்லி ஊற்றிப் போட்டே இருபது வருஷம் டெல்லியில் ஓட்டியவள். அவளுக்குத் தெரியாத சேதி கலியில் கிடையாது. ஒரு நாள் கறிவேப்பிலை கேட்கப் போன பூங்கோதையை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

“ஏத்தா பூங்கோதை, ஒன்னயப் பாத்து இந்தக் கலியே நடுங்கிக்கிருக்கு. தெரியுமா?”

பூங்கோதை விழித்தாள்.

“முச்சந்தியில மாவு, குங்குமம், சாணி உருண்டை, பூவு, வெளக்கு. அதுவும் பொழுது விடியாத நேரத்துல. இங்க அதுக்குப் பேரு என்ன தெரியுமா? டோட்கா. நம்மூர்ல சொல்லுவோம்ல, செய்வினை. அதத் தாண்டுனா தாண்டுனவுக தலையில விழுகும்னு பயப்படுறாளுக. நீ குப்பைக்காரன் வேலையப் பாத்தேன்னு நெனச்ச. பேய் வேலை பாத்துருக்க.”

ஜெயலட்சுமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பூங்கோதைக்கும் சிரிப்பு வந்தது, கொஞ்சம். எதற்காகச் செய்வினை என்று நினைக்கிறார்களாம் என்று கேட்டாள். ஜெயலட்சுமி சிரிப்பை நிறுத்திவிட்டு அடுப்பைத் துடைக்க ஆரம்பித்தாள். துடைத்த இடத்தையே துடைத்தாள்.

“விடு. கூறு கெட்டவளுக.”

“சொல்லுங்க அக்கா.”

“ஒம் பிள்ளைய ஒரு நாளு கம்பளியில சுத்தித் தூக்கிட்டுப் போனாக. அப்புறம் யாரும் பாக்கல. நீயும் ஒருத்தர்ட்டயும் வாய் தெறக்கல. பிள்ளை தவறிப்போச்சு, அதத் திருப்பிக் கூப்பிடத்தேன் நீ பூசை போடுறேன்னு பேசிக்கிருக்காளுக.”

பூங்கோதை கறிவேப்பிலை வாங்காமலே வந்துவிட்டாள். மாடிப்படியில் உட்கார்ந்தாள். முதலில் கோபம் வந்தது. அப்புறம் அது எங்கேயோ போய்விட்டது. மேதாவைத் திருப்பிக் கூப்பிடத்தான் கோலம் போட்டாள். அதில் பொய் என்ன இருக்கிறது? அவள் மனசில் இருப்பதை அவளிடம் கேட்காமலே கலி கண்டுபிடித்திருந்தது. பிள்ளை உயிரோடு இருக்கிறது என்பது மட்டும் அவர்களுக்குத் தெரியவில்லை.

போய்ச் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். இது வாசலில் போடுகிற கோலம்தான், எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு போடுவார்கள் என்று இந்தியில் வாக்கியம் கூட்டிப் பார்த்தாள். கூட்ட முடிந்தது. ஆனால் சொன்னால் பயம் போய்விடும். பயம் போனால் பை வந்துவிடும். பை வந்தால் தீ. அவள் சொல்லவில்லை. மறுநாளும் விடியலில் இறங்கிக் கோலம் போட்டாள். அன்றைக்குப் புள்ளி தப்பியது.

நாலு நாள் கழித்து ஒரு சாயங்காலம் சந்தோஷ் தீதி மேலே வந்தாள்.

அவள் உயரமான பெண். குரலும் உயரம். கீழே நின்று அவள் மோட்டார்க்காரனைக் கூப்பிட்டால் ஐந்தாவது மாடியில் குழந்தை விழித்துக்கொள்ளும். வீட்டுக்காரி வாடகைக்காரி வாசலுக்கு வருவது வழக்கமில்லை. மேலேயிருந்துதான் எல்லோரும் கீழே போக வேண்டும். அன்று அவள் தலையில் துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டு, நிலைப்படிக்கு வெளியிலேயே நின்றாள். இரண்டு கைகளும் கூப்பியிருந்தன. காவ்யா பந்தை எடுக்கப் போய்க் கோலத்தை மிதித்துவிட்டாளாம். ராத்திரியிலிருந்து காய்ச்சலாம். டாக்டர் மருந்து கொடுத்திருக்கிறார், ஆனாலும் அவளுக்கு மனசு கேட்கவில்லை. இதையெல்லாம் அவள் மெல்லிய குரலில் சொன்னாள். அவளுக்கு அப்படி ஒரு குரல் இருப்பதே பூங்கோதைக்கு அன்றுதான் தெரிந்தது.

“மகளே, உன் குழந்தைக்காக நீ என்ன வேண்டுமானாலும் செய்துகொள். நான் தடுக்க மாட்டேன், எனக்கும் பெற்ற வயிறு இருக்கிறது. என்னுடையவளை மட்டும் விட்டுவிடு. தெரியாமல் மிதித்துவிட்டாள்.”

பூங்கோதை கூட்டி வைத்திருந்த வாக்கியம் எதுவும் வாயில் வரவில்லை. சந்தோஷ் தீதியின் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். கட்டிலில் உட்கார வைத்தாள். போனை எடுத்துக் கரூருக்கு அடித்தாள். மேதா பள்ளிக்கூடம் விட்டு வந்து, சீருடையைக் கழற்றாமல் முறுக்குத் தின்றுகொண்டிருந்தாள். திரை முழுக்க அவள் முகம்.

சந்தோஷ் தீதி போனைப் பிடுங்கிக்கொண்டாள். மேதா, மேதா என்றாள். இந்தியில் ஏதேதோ கேட்டாள். சாப்பிட்டாயா, எங்கே இருக்கிறாய், எப்படி இருக்கிறாய். மேதா முறுக்கைக் கடிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பக்கவாட்டில் திரும்பி, “உஷாம்மா, இவங்க என்ன சொல்றாங்க?” என்று கேட்டாள்.

பூங்கோதை சுவரைப் பார்த்தாள்.

கொஞ்சம் கழித்து மேதா தானாகவே திரைக்குக் கிட்டே வந்தாள். “காவ்யா எங்க?” என்றாள் தமிழில். சந்தோஷ் தீதிக்கு அந்தப் பெயர் மட்டும் புரிந்தது. போனை மடியில் வைத்துக்கொண்டு அவள் அழுதாள்.

அதற்கப்புறம் பூங்கோதையால் பேச முடிந்தது. இந்தியின் ஆண்பால் பெண்பால் எல்லாம் தப்பும் தவறுமாக, பாதி தமிழ், பாதி கை. புகை, மூச்சு, மெஷின், ரயில், கரூர். கோலம் எதற்கு என்று சொன்னாள். மூலை எரியாவிட்டால் குழந்தை வரும் என்று சொன்னாள். சொல்லி முடித்ததும் சந்தோஷ் தீதியைக் கூட்டிக்கொண்டு கீழே இறங்கினாள். மூலையில் குனிந்து, ஒரு சிட்டிகை மாவை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். அரிசி, என்றாள். நின்று பார்த்த நாலைந்து பெண்களுக்கும் கேட்கிற மாதிரி இன்னொரு தடவை சொன்னாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, வெறும் காலால் கோலத்தை முழுக்க அழித்தாள்.

மறுநாள் காலை முதல் பை விழுந்தது. சாயங்காலத்துக்குள் அது மேடாகிவிட்டது. வாரம் திரும்புவதற்குள் தீ வைத்துவிட்டார்கள்.

ஸ்ரீதர் சன்னலைச் சாத்திவிட்டு, இடுக்கில் ஈரத்துணியைத் திணித்தான். அவன் கோபக்காரன் இல்லை. மெதுவாகத்தான் கேட்டான்.

“சொல்லாமயே இருந்திருக்கலாமில்ல?”

“அந்தப் புள்ளைக்குக் காய்ச்சலுங்க.”

“காய்ச்சல் உன் கோலத்துலயா வந்துச்சு?”

அவள் மேதாவின் சின்னக் கட்டிலில் மடித்து வைத்திருந்த கம்பளியை எடுத்து உதறி மறுபடி மடித்தாள். அதில் இப்போது மேதாவின் வாசனை இல்லை. புகை வாசனைதான்.

இரண்டு நாள் கழித்துக் காலையில் கீழே சத்தம் கேட்டது. பூங்கோதை எட்டிப் பார்த்தாள். எரிந்த கரிக்குப் பக்கத்தில், அந்த வெயிலில், சந்தோஷ் தீதி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் முறம் நிறையப் பச்சைப் பட்டாணி. உரித்துக்கொண்டிருந்தாள். பையோடு வந்த ஒரு பையனிடம், இங்கே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெரிகிறதா, கண் இருக்கிறதா, உன் வீட்டில் எந்தக் கட்டிலில் இதைக் கொட்டுவாய் என்று அவள் விசாரித்தது தெருமுனை வரை கேட்டது. பையன் பையோடு பெரிய சாலைக்கு நடந்தான்.

கோலத்துக்குப் பயந்த கலி இப்போது சந்தோஷ் தீதிக்குப் பயந்தது. ஆனால் ஒருத்தியே எவ்வளவு பட்டாணி உரிப்பாள்? மூன்றாம் நாள் எதிர்வீட்டுப் பெண் கடுகுக்கீரைக் கட்டோடு தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வெயில் பட்டதும், “அரே, இங்கே இவ்வளவு வெயிலா!” என்றாளாம். இருபது வருஷமாக அந்தக் கலியில் வாழ்க்கைப்பட்டவள். அப்புறம் கம்பளி பின்னுகிறவர்கள் வந்தார்கள். தலையில் எண்ணெய் தேய்த்துக்கொள்கிறவர்கள் வந்தார்கள். ஜெயலட்சுமி உளுந்து களைந்து காயவைக்க இடம் பிடித்தாள். வெயில் காலையில் இடது சுவரிலிருந்து கிளம்பி, மத்தியானம் வலது சுவருக்குப் போகும். கூடவே நாற்காலிகளும் நகர்ந்துகொண்டே போகும்.

பூங்கோதையும் இறங்கினாள். பேசவில்லை. பட்டாணி உரித்தாள். பேசாமல் உட்கார்ந்திருக்க அங்கே ஒருத்திக்கு இடம் இருந்தது. குப்பை எரிந்தால் காற்றில் என்ன கலக்கிறது என்பதை மட்டும் ஒரு நாள் சொன்னாள். காவ்யாவின் காய்ச்சல் போய் இருமல் மட்டும் போகாமலிருந்த நாள் அது. யாரும் குறுக்கே பேசாமல் கேட்டார்கள். வாசலில் அடுப்பு மூட்டுகிற பெண் ஒருத்தி மறுநாளிலிருந்து பிளாஸ்டிக் போட்டுப் பற்றவைப்பதை விட்டாள்.

ஆண்கள் கடைசியாக வந்தார்கள். பெண்கள் எல்லாரும் மூலையில் உட்கார்ந்திருந்ததால் டீ கிடைக்காமல் வந்தார்கள் என்று ஜெயலட்சுமி சொல்வாள். ஒரு மூன்று சக்கர வண்டியைப் பிடித்து, வீடு வீடாகக் குப்பையை வாங்கிப் பாட்டு வண்டி நிற்கிற இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க ஏற்பாடானது. ஜெயலட்சுமியின் மெஸ்ஸில் சாப்பிடுகிற தமிழ்ப் பையன்கள் கரிபிடித்த சுவருக்கு மஞ்சளும் அடியில் காவிப் பட்டையும் அடித்தார்கள். செடி வைக்கலாம் என்று பேச்சு வந்தபோது, அந்த இடத்துக்கு வழக்காடுகிற அண்ணன் ஓடிவந்தான். என் நிலத்தைப் பிடிக்கப் பார்க்கிறீர்களா என்றான். உன் வழக்கு முடிந்ததும் நாற்காலியை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விடுகிறோம், முடிகிற அன்றைக்குச் சொல்லியனுப்பு என்றாள் சந்தோஷ் தீதி. அவனே சிரித்துவிட்டான். ஆனாலும் எதையும் மண்ணில் நடவில்லை. பெயின்ட் டப்பாக்களில் துளசியும் கற்றாழையும், பூங்கோதை கேட்டு வைத்த ஒரு கறிவேப்பிலையும் வந்தன. அந்த மூலையில் இருந்ததெல்லாம் தூக்கிக்கொண்டு போய்விடக் கூடியவைதான்.

தை பிறந்த அன்று சந்தோஷ் தீதி கீழேயிருந்து அந்தப் பழைய குரலில் கூப்பிட்டாள். கலியில் யாருக்கும் பூங்கோதை என்ற பெயர் வாயில் நுழையாது. “புங்கு! இறங்கி வா. உன் டோட்காவைப் போடு, இன்று நாங்கள் எல்லோரும் மிதிக்கப் போகிறோம்.”

அன்று கோலத்தைச் சுற்றி இழுக்கக் காவி கிடைத்தது. பையன்கள் சுவருக்கு வாங்கியதில் மிச்சம்.

மாசி வந்தது. மூலை எரியவில்லை. பூங்கோதை ஸ்ரீதரிடம் அவன் சொன்ன வார்த்தையை ஞாபகப்படுத்தினாள். அவன் சன்னல் வழியாகக் கீழே நாற்காலிகளைப் பார்த்தான். “நீயே அக்காகிட்டப் பேசு” என்றான்.

உஷாராணி எல்லாவற்றையும் காதில் வாங்கிக்கொண்டாள். பிறகு கேட்டாள்.

“ஏம் பூங்கோத, ஒண்ணு கேக்கறேன். நீ படிச்சவ, நீயே சொல்லு. அந்த மூல எரியாட்டி டெல்லியே எரியாதுன்னு அர்த்தமா?”

போனுக்குள் கரூர் வீட்டின் சத்தங்கள் கேட்டன. குக்கர். ஒரு பஸ் ஹாரன். எங்கேயோ மேதா ‘அ’ வரிசையைப் பாட்டாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். உஷாராணி நம்புவாள். ஸ்ரீதர் நம்ப ஆசைப்படுவான். பூங்கோதைக்கே நம்பவேண்டும் போல இருந்தது.

“இல்லீங்க அண்ணி” என்றாள். “ஐப்பசியில இருந்து தை முடியற வரைக்கும் ஊரு பூராவுமே பொகைதான். எங்க மூலை ஒண்ணு எரியாததால அது மாறாதுங்க.”

“அப்ப?”

“மத்த மாசத்துல வரட்டுங்க.”

“பள்ளிக்கூடத்த என்ன பண்றது? பாதிப் படிப்பு இங்க, பாதி அங்கயா?”

இரண்டு பேருமாக மாதங்களை எண்ணிப் பார்த்தார்கள். கடைசியில் உஷாராணியே ஒரு வழி சொன்னாள். பரீட்சை முடிந்ததும் அனுப்புகிறேன், லீவு முடிகிற வரைக்கும் இருக்கட்டும் என்றாள். சொல்லிவிட்டு, “அவ இல்லாம இந்த வீட்டுல என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியல, அத உன்கிட்டச் சொல்லாம யாருகிட்டச் சொல்றது” என்றாள். பூங்கோதை தலையை ஆட்டினாள். போனில் அது தெரியாது என்று பிறகுதான் உறைத்தது.

பங்குனிக் கடைசியில் ஸ்ரீதர் போய் மேதாவைக் கூட்டி வந்தான். இலவ மரங்கள் சிவப்பாகப் பூத்துக் கொட்டி முடிந்திருந்தன. காற்று தெளிவாக இருந்தது. பூங்கோதை விடியலிலேயே மூலையைப் பெருக்கிக் கோலம் போட்டுவிட்டாள். சந்தோஷ் தீதி எங்கிருந்தோ ஒரு குட்டி நாற்காலி கொண்டுவந்து, தன்னுடையதற்கும் பூங்கோதையுடையதற்கும் நடுவில் போட்டிருந்தாள். காவ்யா அதில் யாரையும் உட்காரவிடவில்லை. தானும் உட்காரவில்லை.

ஆட்டோ பெரிய தெருவில் நின்றது. மேதா அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தாள். உயரமாகியிருந்தாள். இரட்டைச் சடை, முன்பல் ஒன்று இல்லை. போனில் தினமும் பார்த்ததுதான். பல் இல்லாத இடம் நேரில் வேறு மாதிரி இருந்தது. பூங்கோதை மண்டியிட்டுக் கையை விரித்தாள். மேதா ஓடி வரவில்லை. நடந்து வந்து, கல்யாண வீட்டில் தெரியாத சொந்தக்காரர்களிடம் போகிற மாதிரி, ஒழுங்காக அணைப்புக்குள் நின்றாள். கழுத்தோரம் கரூர்ச் சோப்பு வாசனை.

சந்தோஷ் தீதி அவளைத் தூக்கித் தட்டாமாலை சுற்றி, செத்துப்போனவளைப் பாருங்கள், என்ன கனம் கனக்கிறாள் என்று கலிக்கே அறிவித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். மேதாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அந்தச் சத்தத்தில் அவள் ஒரு தும்மல் போட்டாள். சிரிப்பு அப்படியே நின்றது. பட்டாணி உரித்த கைகள் நின்றன. எல்லோரும் அவள் நெஞ்சையே பார்த்தார்கள். அவள் மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். அவ்வளவுதான்.

காவ்யா பந்தை உருட்டிவிட்டாள். அது மேதாவின் காலில் வந்து இடித்தது. மேதா உதைத்தாள். பந்து கோலத்தின் மேல் போய் நின்றது. காவ்யா அதை மிதித்துக்கொண்டே போய் எடுத்து வந்தாள்.

விளையாடிக் களைத்து மேதா குட்டி நாற்காலிக்கு வந்து சேர்ந்தாள். வெயில் அவள் முழங்காலில் விழுந்தது. பூங்கோதை அவள் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தாள். இழுப்பு இல்லை. உள்ளே போகிறது, வெளியே வருகிறது. ஒரு வருஷமும் சில மாதங்களும் பிரிந்திருந்தது இந்தச் சத்தத்துக்காகத்தான். ஆனி மாதம் பள்ளிக்கூடம் திறந்துவிடும் என்பதை அவள் நினைக்காமலிருக்கப் பார்த்தாள்.

மேதா நாற்காலிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். சந்தோஷ் தீதியுடையது. கடுகுக்கீரைக்காரியுடையது. ஜெயலட்சுமியின் காயாத உளுந்து வைத்த ஸ்டூல்.

“அம்மா.”

பூங்கோதை சட்டென்று திரும்பினாள். போனில் கேட்ட வார்த்தைதான்.

“என்ன சாமி?”

“உஷாம்மாவுக்கு நாற்காலி எங்க?”

வெயில் இடது சுவரை விட்டுக் கிளம்பியிருந்தது. பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து நாற்காலியை நகர்த்திக்கொண்டிருந்தார்கள். பூங்கோதையும் எழுந்தாள். தன்னுடையதைக் கொஞ்சம் தள்ளிப் போட்டாள். கறிவேப்பிலை டப்பாவைத் தூக்கிச் சுவரோரம் வைத்தாள். நடுவில் இடம் விழுந்தது. காலால் மண்ணைத் தட்டிச் சமன் செய்தாள்.

“இங்க போடலாம்” என்றாள். “போன் பண்ணிக் கூப்பிடு.”